செங்கிஸ் கானும் மெர்வ் நகரத்து நூலகங்களும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீயே கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனம் நிம்மதியானது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. அதில் கமலாவுக்குத்தான் பெரிய ஆறுதல்.

பேச்சுப் போட்டிக்குப் பேரன் செங்கிஸ் கானைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்றும், அலெக்சாண்டரைவிடப் பெரிய நிலப்பரப்பை வென்றவன் என்பதால் உலகின் தலைசிறந்த மாவீரன் அவன்தான் என்றும் எழுதியிருக்கிறாய். நிலப்பரப்பை வைத்து ஒரு மனிதனை அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, சுந்தரம். அவனிடம் வியக்க வேண்டியது வேறு.

தந்தை யெசுகேயைப் பகைக் குலமான தாதார்கள் நஞ்சு வைத்துக் கொன்றபோது தெமுஜின் (அதுதான் அவன் இயற்பெயர்) சிறுவன். சொந்தக் கூட்டமே அந்தக் குடும்பத்தைப் புல்வெளியில் கைவிட்டுப் போனது. தாய் ஹோலுன் கிழங்கு தோண்டிப் பிள்ளைகளை வளர்த்தாள். அந்தச் சிறுவன்தான் 1206இல் ஓனோன் நதிக்கரையில் கூடிய பேரவையில் செங்கிஸ் கான் ஆனான். அன்று அவன் பதவிகளை யாருக்கெல்லாம் கொடுத்தான் என்று பார். பதாய், கிஷிலிக் என்று இரண்டு குதிரை மேய்ப்பர்கள் இருந்தார்கள். தெமுஜினைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுவது காதில் விழுந்ததும், இரவோடு இரவாக வந்து எச்சரித்தவர்கள். இருவரும் ஆயிரம் பேர் கொண்ட படைக்குத் தலைவர்களானார்கள். ஜெபே போர்க்களத்தில் அவன்மீதே அம்பு தொடுத்தவன். பிடிபட்டதும் எய்தது நான்தான் என்று மறைக்காமல் சொன்னதற்காகவே சேர்த்துக்கொள்ளப்பட்டு, பெரும் தளபதியானான். தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த குலங்களைப் பிரித்து, பத்து, நூறு, ஆயிரம் என்று புதிய அணிகளில் கலந்து நிறுத்தினான். பிறப்பு அல்ல, விசுவாசமும் திறமையும்தான் ஒருவனின் இடத்தைத் தீர்மானிக்கும் என்று அந்தக் காலத்தில் நடத்திக்காட்டியது சாதாரணக் காரியமா? மங்கோலியர்கள் அவனைத் தேசத் தந்தையாகக் கொண்டாடுவதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை. சோவியத் செல்வாக்கில் இருந்த காலத்தில் அவன் பெயரைப் போற்றுவதே ஆபத்தாக இருந்தது. இன்று உலான்பாதருக்கு வெளியே 40 மீட்டர் உயர எஃகுச் சிலையாகக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறான்.

ஆனால் இதே மனிதன் 1202இல் தாதார்களைத் தோற்கடித்தபின் என்ன செய்தான் தெரியுமா? வண்டிச் சக்கரத்தின் கடையாணிக்கு மேல் உயரமிருந்த ஆண்கள் அனைவரையும் கொல்ல ஏற்பாடானது. ஒரு பையனைக் கடையாணிக்குப் பக்கத்தில் நிறுத்தி அளப்பதை நினைத்துப் பார். ஹோலுன் எடுத்து வளர்த்த ஷிகி குதுகு என்ற பிள்ளையும் தாதார்தான். அவனைப் பின்னாளில் தலைமை நீதிபதியாக்கியதும் செங்கிஸ் கான்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மத்திய ஆசியாவில் இருந்த குவாரஸ்ம் பேரரசின்மீது நடந்த போரை அதன் மன்னன் ஷாதான் வலிய வரவழைத்தான் என்கிறாய். உண்மைதான். அவனுடைய ஒத்ரார் நகரில் மங்கோலியர் அனுப்பிய வணிகர்களை ஆளுநன் கொன்றான், நியாயம் கேட்டு வந்த தூதரையும் ஷா கொன்றான். ஆனால் அந்தப் பேரரசின் மெர்வ் நகர மக்கள் என்ன பாவம் செய்தார்கள்? 1221இல் செங்கிஸின் மகன் தொலுயிடம் அந்த நகரம் உயிருக்கு உத்தரவாதம் பெற்றுச் சரணடைந்தது. பிறகு மக்களை வெளியே வரச்சொல்லி, கைவினைஞர் நானூறு பேரையும் சில பிள்ளைகளையும் ஒதுக்கிவிட்டு மற்றவர்களை வெட்டினார்கள். மங்கோலியரிடமே அதிகாரியாக இருந்த பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, பிணங்களை எண்ணவே பதின்மூன்று நாள் ஆயிற்று என்று எழுதுகிறார். அவர் தரும் 13 லட்சம் என்ற கணக்கு மிகையாகவே இருக்கும். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் என் மனம் ஆறவில்லை.

அந்த அழிவுக்குச் சற்று முன்பு யாகூத் என்ற புவியியலாளர் அங்கே தங்கியிருந்தார். நகரத்தில் பத்து நூலகங்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் சுமார் 12,000 நூல்கள். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் எப்போதும் தம் வீட்டில் இருந்தன என்றும், பெரும்பாலானவற்றுக்கு ஈட்டுத்தொகைகூடக் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாத வெளியூர்க்காரரை நம்பி அத்தனை நூல்களைக் கொடுத்தனுப்பிய ஊர் அது! மங்கோலியர் வருவதற்கு முன்பே அவர் தப்பி மோசூல் போய்ச் சேர்ந்தார். நூலகங்கள் தப்பவில்லை.

வணிகப் பாதைகள் பத்திரமானதையும், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் நம்மவர்கள் சிவன் கோயில் எழுப்பியதையும் அவன் கொடையாகச் சொல்கிறாய். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு 'செகசை கான்' நலத்துக்காக என்று குறிப்பிடுவது உண்மை. அந்தக் கான், செங்கிஸின் பேரன் குப்லாய் என்பதே அறிஞர்கள் கருத்து. செங்கிஸ் 1227லேயே இறந்துவிட்டான். மங்கோலியர் தலையெடுப்பதற்கு வெகு முன்பே, 1015இல், முதலாம் ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் சோங் அரசவையில் நின்றார்கள். நம் கப்பல்கள் சீனம் போக மெர்வ் எரிய வேண்டியதில்லை. அப்படியே வணிகம் பெருகியிருந்தாலும், இறந்தவர்களைக் கேட்காமல் அவர்கள் கணக்கை நாம் எப்படி நேர்செய்வது?

பேரனைத் தலைப்பை மாற்றச் சொல்ல வேண்டாம். பதாயையும் கிஷிலிக்கையும் அவன் உரக்கவே பேசட்டும். யாகூத்துக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கச் சொல். நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதாகச் சொல். பொங்கலுக்கு அவனையும் அழைத்து வா, நேரில் கேட்க ஆசையாக இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
ராமநாதன்