டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்: எங்கள் ஜம்பரை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

கணினி வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதும் பொறியாளர்களுக்கும், அவற்றை வெளியிடும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

வீட்டில் ஓர் அறைக்குச் சுற்றிலும் நுரைப்பஞ்சு ஒட்டி, ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறவன் நான். வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், சில சமயம் விளம்பரக் குரல். கணினி அறிவியல் படித்தவன் இல்லை. இருந்தும் போன வருடத்தில் பாதியை உங்கள் டிரைவர்களின் வயிற்றுக்குள்தான் கழித்தேன்.

தொல்லை பார்க்கச் சின்னதுதான். பதிவு நடக்கும்போது எங்கிருந்தோ ‘டிக்’ என்று ஒரு சத்தம். மிருதங்கத்தின் சாப்போடு சேர்ந்து விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஆலாபனையின் நடுவில் விழுந்தால் அந்த டேக் போச்சு. கேபிள் மாற்றினேன், ஆடியோ இன்டர்ஃபேஸ் மாற்றினேன், எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்துகூடப் பார்த்தாயிற்று.

எங்கள் கணக்கு இது. நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியை அளந்த எண்கள். ஒரு தவணைக்குச் சேர்த்து வைக்கும் பஃபர் 128 சாம்பிள் என்றால், கணினிக்குக் கிடைப்பது 2.67 மில்லி செகண்ட். அதற்குள் அடுத்த பஃபர் தயாராக வேண்டும், தவறினால் ‘டிக்’. பஃபரை 1024 ஆக்கினால் சத்தம் போய்விடும். ஆனால் தன் குரலே 21 மில்லி செகண்ட் தள்ளிக் காதில் விழுந்தால் எந்தப் பாடகர் பாடுவார்?

கடைசியில், எந்த டிரைவர் தாமதிக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓட விட்டேன். ‘என்னைக் கவனி’ என்று சாதனம் கணினியைக் கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பெயர். வைஃபை கார்டின் டிரைவர், இன்டரப்டுக்குப் பிறகு ஒத்திப் போட்டுச் செய்யும் வேலையை, அதாவது டிபிசியை, ஒரு மில்லி செகண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. இன்டரப்டை வாங்கும் பகுதி 25 மைக்ரோ செகண்டுக்குள்ளும் டிபிசி 100 மைக்ரோ செகண்டுக்குள்ளும் முடிய வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே உங்களுக்கு வழிகாட்டுதல் எழுதி வைத்திருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

அப்புறம் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். என் ஆடியோ இன்டர்ஃபேஸ் செருகியிருந்த யுஎஸ்பி கார்டும் அதே வைஃபை கார்டும், இரண்டும் ஐஆர்க்யூ 16. ஐஆர்க்யூ என்பது இன்டரப்ட் வரும் கம்பியின் எண். ஆக, ஒரே கம்பி.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லைன் வீடுகள் பார்த்திருப்பீர்கள். ஆறு குடித்தனம், வாசலில் ஒரே ஒரு மணி. மணி அடித்தால் முதல் வீட்டுக்காரர் எழுந்து வந்து “எங்களுக்கு இல்லை” என்பார், அப்புறம் அடுத்த வீடு. கம்பிவழி இன்டரப்டைப் பகிர்ந்துகொள்வது இப்படித்தான். ஒவ்வொரு டிரைவரையும் எழுப்பி “உன்னுடையதா?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்றாக எம்எஸ்ஐ, அதாவது செய்தி வழியாக வரும் இன்டரப்ட், வந்தது. மணியும் இல்லை, கம்பியும் இல்லை. நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குச் சாதனம் ஒரு சின்ன எண்ணை எழுதும். யார் வீட்டுக்கு என்பது அதிலேயே இருக்கும். தரவை எழுதிய பின்பே இந்தச் செய்தியும் போய்ச் சேரும் என்பதால், தரவு வந்துவிட்டதா என்று டிரைவர் திரும்ப விசாரிக்கவும் வேண்டாம். எம்எஸ்ஐ-யில் ஒரு சாதனத்துக்கு 32 செய்திகள் வரை, பின்னால் வந்த எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே இதை ஏற்றுக்கொள்கிறது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா! பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளில் இந்த வசதி இருந்தாக வேண்டும் என்பது விதி. என் யுஎஸ்பி கார்டிலும் இருந்தது. டிரைவரை எப்படி நிறுவ வேண்டும் என்று சொல்லும் ஐஎன்எஃப் கோப்பில் அதை இயக்கச் சொல்லும் மூன்று வரிகள்தான் இல்லை.

அந்த வேலையை நான் செய்தேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கார்டின் கிளையைத் தேடிப் பிடித்து, ‘டிவைஸ் பாராமீட்டர்ஸ்’, அதற்குள் ‘இன்டரப்ட் மேனேஜ்மென்ட்’, அதற்கும் உள்ளே ஒரு முழ நீளப் பெயர் கொண்ட கோப்புறை, அங்கே ‘எம்எஸ்ஐசப்போர்ட்டட்’ என்பதற்கு 1. கணினியை மறுபடி தொடங்கியதும் டிவைஸ் மேனேஜரில் 16 இருந்த இடத்தில் மைனஸ் எண் வந்தது. மைனஸ் வந்தால் எம்எஸ்ஐ என்று அர்த்தம். கணக்குத் தேர்வுக்குப் பிறகு மைனஸைப் பார்த்து நான் பயப்படாதது இதுதான் முதல் தடவை.

‘டிக்’ நிறையக் குறைந்தது. முழுதாக நின்றது, பதிவின்போது வைஃபையை அணைத்து வைக்கத் தொடங்கிய பிறகுதான். இந்த ஒரு எண்ணை மாற்றினால் கணினி பறக்கும் என்று விளையாட்டுப் பிரியர்கள் சொல்லித் திரிவதை நான் நம்பவில்லை. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டும் என்விஎம்இ டிஸ்க்கும் பெரும்பாலும் ஏற்கெனவே எம்எஸ்ஐ-யில்தான் ஓடுகின்றன. அதோடு, சோம்பேறி டிபிசியை எம்எஸ்ஐ திருத்தாது. அதைத் திருத்த வேண்டியது நீங்கள்.

ஆசை விடவில்லை. பழைய டிஸ்க் கன்ட்ரோலருக்கும் 1 போட்டேன். கணினி எழவே இல்லை. ரெக்கவரிக்குள் போய் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுக்குத் திரும்பி மீட்டதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. சாதனமும் டிரைவரும் தயாராக இல்லாமல் இதைத் திணிக்கக் கூடாது என்பது அன்று புரிந்தது. எந்தச் சாதனம் தயார், எது தயாரில்லை என்பது தெரிந்தவர்கள் நீங்கள்தானே? என்னை ஏன் சோதனை எலி ஆக்குகிறீர்கள்?

இரண்டு மாதம் நிம்மதி. பிறகு ஒரு டிரைவர் அப்டேட் தானாக வந்து இறங்கியது. மறுநாள் பதிவில் மறுபடியும் ‘டிக்’. போய்ப் பார்த்தால் ஐஆர்க்யூ 16. நான் எழுதிய 1 துடைக்கப்பட்டிருந்தது. வெளியீட்டுக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: ‘நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது’.

பழைய சவுண்டு கார்டுகளில் ஐஆர்க்யூவை மாற்ற ஜம்பர், அதாவது கழற்றி மாட்டும் ஒரு சின்ன இணைப்பி, இருந்தது. 7-ல் வைத்தால் பிரிண்டரோடு சண்டை. கழற்றி 5-ல் செருகுவோம். கையேட்டில் படம் போட்டிருக்கும். கஷ்டம்தான், ஆனால் கார்டின் சொந்தக்காரன் கையில் இருந்தது அது. அந்த ஜம்பரைத்தான் இப்போது ரெஜிஸ்ட்ரியின் அடியாழத்தில் வைத்திருக்கிறீர்கள்.

வெளியே கொண்டுவர முடியாது என்று சொல்லாதீர்கள். நெட்வொர்க் கார்டின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘இன்டரப்ட் மாடரேஷன்’ என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறீர்களே. வந்த பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து ஒரே இன்டரப்டாக அனுப்பலாமா, உடனுக்குடன் அனுப்பலாமா என்பதை அங்கே நானே முடிவு செய்கிறேன். லினக்ஸில் ‘ப்ராக்’ கோப்புறையில் ‘இன்டரப்ட்ஸ்’ என்ற கோப்பைத் திறந்தாலே, எந்தச் சாதனம் எம்எஸ்ஐ-யில் இருக்கிறது, ப்ராசஸரின் எந்தக் கோரைத் தட்டுகிறது, இதுவரை எத்தனை தடவை என்று எல்லாம் தெரிகிறது.

ஆகவே, வன்பொருள் தயார் என்றால் ஐஎன்எஃப்பில் அந்த மூன்று வரிகளைச் சேருங்கள். தயாரில்லை என்றால் அதை எழுதி வையுங்கள், நாங்கள் கை வைக்க மாட்டோம். நாங்கள் மாற்றி வைத்ததை அப்டேட் துடைக்கும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிபிசி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை, வெளியிடுவதற்கு முன், வைஃபை ஓடும் ஒரு சாதாரண கணினியில் ஒரு மணி நேரம் அளந்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு வயலின் பதிவு இருக்கிறது. அதுவரை அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
128 சாம்பிளில் பிழைப்பவன்