லயத்துச் சாதியும் பாடமாகட்டும்

ஆசிரியருக்கு,

1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கியதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சரி, சொல்லத்தான் வேண்டும். ஆனால் மேட்டில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா, அவருக்குக் கீழே ஆள் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணி, அதற்கும் கீழே பல தோட்டங்களில் சாதி பார்த்துப் பிரித்த லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) என்ற அடுக்கைச் சொல்லத் தயங்குகிறோம். கங்காணிகளில் பலர் ஊரில் உயர்சாதி எனப்பட்டவர்கள். தொழிலாளரில் பெரும்பாலோர் தலித் மக்கள். இன அடுக்கும் சாதி அடுக்கும் சேர்ந்துதான் தோட்டத்தை நடத்தின.

இதைத் தெரிந்துகொண்ட என் மாணவி ஒருத்தி, கல்யாணப் பேச்சில் சாதி விசாரித்த பெரியப்பாவிடம் நேராகவே காரணம் கேட்டாள். வீட்டில் பெரிய சண்டையாம். அவள்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ‘தோட்டக்காட்டான்’ என்று யாராவது ஏசினால் கொதிக்கிறோமே, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருப்பவரை எப்படிப் பார்க்கிறோம்? சாதாரண தர (10, 11ஆம்) வகுப்புக்கு முன்பே இதைக் கற்பிக்க வேண்டும்.

ஓர் ஆசிரியை,
ஹட்டன்