நத்தார் விசுக்கோத்துகளுக்கு ஒரு நன்றி மடல்

திருகோணமலை,
மார்கழி மாத இறுதி.

அன்புக்குரிய அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். இந்த நத்தாருக்கு எங்கள் வீட்டின் பெயரால் உங்கள் வீடுகளுக்கு வந்த விசுக்கோத்துகள் ஏறத்தாழ 600. உண்டவர்கள் கண்ட இடத்தில் நிறுத்தி என்னைப் பாராட்டுகிறீர்கள். நேற்று மீன் சந்தையில் நான் விளைமீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது, முன்பின் அறியாத ஓர் அம்மா, "ரீச்சர், அந்த இஞ்சி விசுக்கோத்து நீங்கள் செய்ததுதானே?" என்று கேட்டார். "ஓம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்த "ஓம்" முழு உண்மையில்லையே என்று மனம் உறுத்தியது. என் கையால் நடந்ததையும் பிறர் கையால் நடந்ததையும் பிரித்துச் சொல்லிவிடுவதே முறை என்று எண்ணி இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, சென்ற ஆண்டு என் விசுக்கோத்தைக் குறை சொன்னவருக்கு. எங்கள் வீட்டிலிருந்து மூன்று வளவு தள்ளியிருக்கும் பெரியம்மா, மற்றெல்லோரும் "நல்லாயிருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்ட வேளையில், "பிள்ளை, வாசம் நல்லாயிருக்கு, எனக்குப் பல்லுத்தான் காணாது" என்றார். அன்று முகம் சுருங்கிவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் இல்லாதிருந்தால், இந்த ஆண்டும் கல்லைத்தான் காகிதத்தில் சுற்றி உங்களுக்குக் கொடுத்திருப்பேன்.

அந்தக் கல்லுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் பாலையூற்றில் இருக்கும் அன்ரி. பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, வீட்டில் இன்னும் போர்த்துக்கேய மொழியின் சொற்களைக் கலந்து பேசும் அவர், நான் மாவைப் பிசைவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மகள், கையை வெளியே எடு" என்றார். நான் ரொட்டிக்குப் பிசைவதைப்போல உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தேன். கோதுமை மாவில் ஈரம் பட்டு, அதைப் பிசையப் பிசைய உள்ளே இழுவை உண்டாகும். ரொட்டிக்கும் பாணுக்கும் வேண்டிய அந்த இழுவைதான் விசுக்கோத்தைப் பல்லுக்கு எதிரியாக்குகிறது. அன்ரியின் முறையில் சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு பங்கு, மா மூன்று பங்கு. நிறையில் அளக்க வேண்டும், கோப்பையில் அல்ல. பட்டரையும் சீனியையும் முதலில் வெளிறும்வரை அடித்துக்கொண்டு, மாவை அதில் தூவி, விரல் நுனிகளால் ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். மாவின் துகள்களைப் பட்டர் முதலிலேயே மூடிக்கொள்வதால் இழுவை வராது. வாயில் வைத்தவுடன் உதிரும். இதைச் சொல்லித் தந்ததோடு நில்லாமல், 80 வயதை நெருங்கும் அவர், இரண்டு நாட்கள் எங்கள் குசினியில் கதிரை போட்டு இருந்து மேற்பார்வை செய்தார். நத்தார், பாண், போறணை, விசுக்கோத்து என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்களெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை என்று நான் வகுப்பில் எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். அந்தச் சொற்களுக்கு உரிய கைப்பக்குவம் பாலையூற்றில் ஒரு வீட்டில் இருந்ததை மட்டும் இத்தனை காலம் கேட்டறியவில்லை.

அந்தக் கணக்குப்படி மா 6 கிலோ, பட்டர் 4 கிலோ, சீனி 2 கிலோ வேண்டியிருந்தது. மாவைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. துறைமுகத்தின் அக்கரையில் சீனக்குடாவிலேயே பிறீமா மா ஆலை இருக்கிறது. கோதுமை விளையாத நாட்டில், கப்பலில் வந்த கோதுமையை நம் கண்ணெதிரே அரைக்கும் ஊரில் இருக்கிறோம். பட்டர்தான் இடித்தது. இன்றைய விலையில் நான்கு கிலோ பட்டர் என்பது ஓய்வூதியக்காரிக்கு இலேசான செலவன்று. நான் யாரிடமும் வாய் திறக்காதிருக்க, ஒரே கிழமைக்குள் ஐந்து வீட்டார் ஆளுக்கொரு கிலோவாகக் கொண்டுவந்து தந்தீர்கள். அவற்றுள் ஒரு கிலோ பட்டர் அன்று, மாஜரின் என்பதைப் பொதியைப் பிரித்த பிறகுதான் கண்டேன். தந்தவர் வருந்த வேண்டாம். தட்டுகளுக்குப் பூசுவதற்கும் எங்கள் வீட்டுக்கென்று செய்த கேக்குக்கும் அது மிக நன்றாகப் பயன்பட்டது.

செய்முறையைத் திருத்தியவர்களில் இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். நத்தாரை ஒட்டித் திருவெம்பாவைக் காலமும் வருவதால், பக்கத்து வீட்டு அம்மா அந்நாட்களில் மரக்கறிதான் உண்பார், முட்டையும் சேர்க்கமாட்டார். முந்தைய ஆண்டுகளில் நான் கொடுத்த தட்டை அவர் இன்முகத்தோடு வாங்கி, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் ஒன்றையும் தொடாமல் இருந்திருக்கிறார். இந்த ஆண்டு அவருடைய மருமகள் அதை மெதுவாக என் காதில் போட்டார். அதேபோல, எங்கள் ஒழுங்கையின் முனையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, "ரீச்சர், எசன்சில் மதுசாரம் சேர்த்திருப்பார்களோ என்றுதான் வீட்டில் தயங்குகிறார்கள்" என்று நேரே சொல்லிவிட்டார். அன்ரியின் கணக்கில் முட்டையே இல்லை என்பதால் முதற்பிரச்சினை தானாகத் தீர்ந்தது. வனிலா எசன்சை அடியோடு விட்டுவிட்டு, ஒரு பாதிக்கு ஏலக்காயும் கஜுவும், மறுபாதிக்கு வேர்க்கொம்பு என்னும் காய்ந்த இஞ்சித் தூளும் கறுவாவும் கராம்பும் என்று மாற்றினேன். ஏலக்காயை நானாவே தம் கடையில் பார்த்துப் பொறுக்கித் தந்து, காசு வாங்க மறுத்தார். எசன்ஸ் போத்தலை விட மனமில்லாமல் இருந்த எனக்கு, இடித்த ஏலக்காயின் வாசம் வீட்டில் பரவியபோதுதான் இத்தனை ஆண்டுகள் எதை இழந்திருந்தேன் என்று விளங்கியது. ஐரோப்பியர் நம் தீவின் கறுவாவைத் தேடிக் கடல் கடந்து வந்தார்கள். நானோ அந்தத் தீவிலேயே இருந்துகொண்டு எசன்ஸ் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இனிப் போறணைக் கதைக்கு வருகிறேன். இம்மடலில் மிகப் பெரிய கடன் அதுதான். 2021ஆம் ஆண்டு மார்கழியில் எரிவாயு உருளைகள் வெடித்த செய்திகளுக்குப் பயந்து, எரிவாயு அடுப்பில் வெதுப்புவதை நாங்கள் கைவிட்டு, ஒரு சிறிய மின்சார அவணை வாங்கினோம். அது இம்மாதம் 22ஆம் திகதி மாலை, முதல் தட்டு உள்ளே போன பத்தாவது நிமிடத்தில், ஒரு சிறு சத்தத்தோடு அணைந்தது. திருத்துவதாகச் சொல்லி முற்பணம் வாங்கிச் சென்றவர் இன்றுவரை திரும்பவில்லை. அவரைப் பற்றி நன்றி மடலில் எழுத ஒன்றுமில்லை. பன்னிரண்டு கிலோ பிசைந்த மாவோடு நான் குசினியில் நின்றேன். வெளியே வாடைக்காற்று மழை.

பட்டர் சேர்ந்த மா குளிர்ந்து இறுகியிருந்தால்தான் அச்சு வெட்டும்போது உருவம் நிற்கும். இளகினால் வெதுப்பும்போது பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அன்று இரவே மின்சாரமும் நின்றதால் குளிர்சாதனப் பெட்டியையும் நம்ப முடியவில்லை. கடற்றொழில் செய்யும் பின்வீட்டுத் தம்பி, கேட்ட மாத்திரத்தில் ஐஸ் நிரப்பிய தம் றெஜிபோம் பெட்டியை மழையில் தலையில் சுமந்துகொண்டு வந்தார். பட்டர் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், நன்றியைவிடப் பயம்தான் எனக்கு முதலில் வந்தது. அதை என் முகத்திலிருந்தே அவர் வாசித்தார் போலும். "அக்கா, மூன்று தரம் தேசிக்காய் போட்டுக் கழுவினேன், மணந்து பாருங்கோ" என்றார். மாவை இரண்டு மடங்கு பொலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்தோம். மறுநாள் காலை பெட்டியைத் திறந்து, நாங்கள் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்த காட்சியை நல்லவேளை யாரும் படம் எடுக்கவில்லை. ஏலக்காய்தான் மணத்தது.

அந்தக் காலையிலேயே நானா என்னை அழைத்துக்கொண்டு, விறகுப் போறணை இன்னும் வேலை செய்யும் பேக்கரி ஒன்றுக்குப் போனார். முதலாளி தயங்கவில்லை. "பின்னேரப் பாண் இறங்கட்டும், பிறகு போறணை உங்களுக்கு" என்றார். விறகை உள்ளேயே எரித்து, தணலை வாரி வெளியேற்றி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்த பிறகு, செங்கல் தேக்கி வைத்த சூட்டிலேயே எல்லாம் வேகும் போறணை அது. பாண் வேகும் சூட்டில் விசுக்கோத்து கருகிவிடும். பாண் இறங்கிய பின் மெல்லத் தணியும் சூடுதான் அதற்கு ஏற்றது. ஆனால் அந்த வேளை எப்போது வரும் என்று காட்டும் மானி அங்கே கிடையாது. போறணையடியில் 40 ஆண்டுகளாக வேலை செய்யும் முதியவர், ஒரு சிட்டிகை மாவை எடுத்து உள்ளே தளத்தில் தூவினார். விழுந்த கணமே கறுத்தது. "இல்லை" என்று சொல்லிவிட்டுச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தார். சிறிது நேரம் கழித்து மீண்டும் தூவினார். கபில நிறமாகிப் பிறகு கறுத்தது. மூன்றாம் முறை மா மெல்லப் பொன்னிறமாகி அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். நான் தட்டைக் கொடுத்தேன்.

அவர் சொல்வதைக் கேட்காமல், நேரம் போகிறதே என்ற பதற்றத்தில், சூடு அதிகமான பின்சுவர்ப் பக்கமாக நானே தள்ளச் சொன்ன ஒரு தட்டு கருகியது. அதில் இருந்த 24 விசுக்கோத்துகளையும் பேக்கரிப் பிள்ளைகள் பிளேன்ரீயோடு தின்று, கருகியதுதான் ருசி என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வெளியே வந்த தட்டுகளிலிருந்த விசுக்கோத்துகள் தொட்டால் அமுங்கும் மென்மையோடு இருந்ததைக் கண்டு, வேகவில்லை என்று மீண்டும் உள்ளே வைக்கச் சொன்னேன். முதியவர் என் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்து, "ஆறட்டும்" என்றார். ஆறியதும் ஒன்றை எடுத்து என் காதருகே ஒடித்துக் காட்டினார். இரவு ஒன்பது மணிவரை நடந்த அந்த வேலைக்கு அவரும் முதலாளியும் விறகுக் காசுகூட வாங்கவில்லை.

மான் விசுக்கோத்தைப் பற்றிப் பலரும் கேட்டதால் அதையும் எழுதுகிறேன். நட்சத்திரமும் மணியும் எல்லா ஊரிலும் உண்டு. கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் உலாவும் ஊரில் மான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். தகரவேலை செய்யும் ஐயா, பழைய பால்மாத் தகரத்தை வெட்டி வளைத்து ஓர் அச்சுச் செய்து தந்தார். கொம்பின் கிளைகள் மாவில் அறுந்துபோகும் என்று அவற்றைக் குட்டையாக்கியதால், பலர் வீட்டில் அது ஆடு என்றும், ஒரு வீட்டில் முயல் என்றும் கருதப்பட்டதாக அறிகிறேன். அது மான்தான்.

ஆறிய விசுக்கோத்தை இந்த மழைக்காலத்தில் ஓர் இரவு திறந்து வைத்தாலும் நமுத்துப்போகும். சூட்டோடு மூடினால் தன் ஆவியிலேயே இளகிவிடும். வறுத்த அரிசியைச் சிறு துணிப் பொட்டலமாகக் கட்டி ஒவ்வொரு தகரத்திலும் போட்டவர்கள் பாடகர் குழுப் பிள்ளைகள். நத்தார் இரவிலும் கடமையிலிருந்த வைத்தியசாலைத் தாதியருக்கும், முதியோர் இல்லத்துக்கும், வீடுகளுக்கும் 24ஆம் திகதி பிற்பகலில் தொடங்கி மழையில் கொண்டுசென்றவர் முச்சக்கரவண்டித் தம்பி. "மிச்சத்தை நாளைக்குக் கொடுத்தால் என்ன, அக்கா?" என்று அவர் ஒருமுறை கேட்டபோது நான் சற்றுக் கடுமையாகப் பதில் சொல்லிவிட்டேன். அதற்கு இங்கே மன்னிப்புக் கேட்கிறேன், காரணத்தையும் சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு, கடற்கரையோரத்து வீடொன்றுக்கு உரிய தட்டை, களைப்பினால் நாளைக்குக் கொடுக்கலாம் என்று மேசையில் மூடி வைத்தேன். மறுநாள் 26ஆம் திகதி காலை கடல் வந்தது. அவ்வீட்டார் ஓடித் தப்பினார்கள். தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வீடு இருக்கவில்லை. மூன்றாம் நாள், அவர்கள் தங்கியிருந்த பாடசாலை மண்டபத்தில் அதைக் கொடுத்தேன். அதன் பிறகு எந்தத் தட்டையும் நான் மறுநாளுக்கு வைப்பதில்லை. அதெல்லாம் நடந்தது தம்பி பிறப்பதற்குச் சற்று முன்போ பின்போ இருக்கும். அவருக்கு எப்படித் தெரியும்? ஆயினும் கடைசித் தகரத்தையும் அன்றிரவே கொண்டுசேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மறுநாள் வாடகையும் வாங்க மறுத்துவிட்டார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு எங்களுக்குக் கொக்கிஸ் என்ற பலகாரத்தை அனுப்பும் சிங்களக் குடும்பத்தாருக்கும் தனியாக நன்றி. உங்கள் தட்டுக்குப் பதில் வைக்க என்னிடம் இதுவரை நல்லதொன்று இருக்கவில்லை. கொக்கிஸ் என்ற பெயரும், ஆங்கிலத்தில் குக்கீ என்ற பெயரும் ஒரே டச்சுச் சொல்லிலிருந்து வந்தவை என்பர். ஆகவே இந்த முறை அனுப்பியது உறவுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல்தான்.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். பொதி செய்வதற்கென்று நீங்கள் தந்த தகரங்களில் இரண்டு இன்னும் எங்கள் வீட்டில் உரிமையாளர் தெரியாமல் இருக்கின்றன. ஒன்று மூடியில் கிளி வரைந்த சதுரத் தகரம். மற்றது வட்டமான நீலத் தகரம். அதன் அடியில் ஓர் ஊசிப் பொட்டலமும், வெள்ளை நூல் கட்டை ஒன்றும், ஐந்து சட்டைப் பொத்தான்களும் இருந்தன. அனைத்தும் பத்திரமாக உள்ளன. வெறும் தகரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இஞ்சி விசுக்கோத்து இன்னும் ஒன்பதுதான் மிச்சம். உரியவர்கள் கெதியாக வந்து எடுத்துச் செல்லவும்.

நன்றியுடன்,
ரீச்சர் வீட்டார்