மேடைய கடல் பார்த்து போட்டா பாட்டு எப்படி கேக்கும்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன சனிக்கிழமை காசிமேடு பக்கம் மைதானத்துல நடந்த இசைத் திருவிழா பத்தி உங்க பேப்பர்ல பெரிய ஃபோட்டோ போட்டு, ஜனங்க கொண்டாடிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. அந்தக் கூட்டத்துல நானும் எங்க அக்காவும் அக்காவோட பேத்தியும் இருந்தோம் சார். தலைக்கு 499 ரூபா டிக்கெட். நாங்க பார்த்ததும் கேட்டதும் நீங்க எழுதினதுல எங்கயுமே இல்ல, மனசு கேக்காம தான் இத எழுதறேன்.

நான் தண்டையார்பேட்டைல 26 வருஷம் மைக் செட் வச்சிருந்தவன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊத்தறது, கட்சி மீட்டிங், சாவு, எல்லாத்துக்கும் கட்டியிருக்கேன். மைதானத்துக்குள்ள கால வச்சதுமே தெரிஞ்சிடுச்சு, இன்னிக்கு பின்னாடி நிக்கறவனுக்கு பாட்டு போய் சேராதுன்னு. ஏன்னா மேடைய மேக்கால ரோட்டோரமா போட்டு கடல பார்த்து திருப்பி வச்சிருக்காங்க, லாரில வர்ற பொருள எறக்க அது வசதி போல. நம்ம ஊர்ல சாயந்திரமானா கடல்காத்து கெழக்கேர்ந்து தான சார் அடிக்கும்? காத்துக்கு எதிர்ல போற சத்தம் நேரா போகாது, மேல தூக்கிக்கும், கூட்டத்தோட தலைக்கு மேல போயிடும். அதனால தான் கடலோரம் செட் போட்டா கடலுக்கு முதுக காட்டி ஸ்பீக்கர் பெட்டிய வைப்போம், காத்தே பாட்ட எடுத்துட்டு வந்து ஜனங்க கிட்ட சேர்த்துடும். இதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேணாம், குப்பத்துல யார கேட்டாலும் காத்து எந்தப் பக்கம்னு சொல்லுவாங்க.

பின்னாடி கேக்கலன்னு ஜனங்க கத்தினதும் நடுவுல ரெண்டு பெட்டி கொண்டாந்து வச்சாங்க, மேடைலேர்ந்து ஒரு அம்பது மீட்டர் இருக்கும். சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் கிட்ட தான் போகும், அப்ப மேடை சத்தம் அங்க வந்து சேர்றதுக்குள்ள இந்தப் பெட்டி முந்திக்கும். அந்த கொஞ்ச நேரம் இந்தப் பெட்டி சத்தம் தாமதமா வர்ற மாதிரி மிக்ஸர்ல டிலேன்னு வச்சு சரி பண்ணணும். பண்ணல. ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு வாட்டி கேட்டுச்சு. டிஜே போட்டப்ப அது பெருசா தெரியல, தும்மு தும்முன்னு அடிச்சா போதும்னு இருந்தவங்க ஆடுனாங்க, உங்க ஃபோட்டோ அப்ப எடுத்தது தான். ஆனா கானாவுக்கு வார்த்தை தான் சார் உசிரு. ஒரு மூச்சுல நாலு வரி ஓடும், எதுகை வந்து விழற எடத்துல தான் ஜனம் விசில் அடிக்கும், அந்த எடமே கொழகொழன்னு ஆயிட்டா அதுல என்ன மிச்சம் இருக்கு?

எங்க அக்கா பையன் கானா குரூப்ல டோலக் வாசிக்கறான். போஸ்டர்ல கானாவ தான் பெருசா போட்டிருந்தாங்க. பசங்கள மத்தியானம் 3 மணிக்கே வரச் சொல்லி, 7.30க்கு மேடைன்னு சொல்லி, ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் கூட இல்லாம நிக்க வச்சுட்டாங்க. 6 மணி நிகழ்ச்சி 7.20க்கு ஆரம்பிச்சு, பொன்னாடை, ஸ்பான்சர் பேச்சு, வெளியூர் பேண்டுக்கு முக்கா மணி நேரம் சவுண்ட் செக், எல்லாம் முடிஞ்சு பசங்க மேல ஏறும்போது 9.46. நான் வாட்ச பார்த்தேன். அவங்களுக்கு சவுண்ட் செக்கே கெடையாது. டோலக்குக்கு ரெண்டு பக்கமும் மைக் வைக்கணும், ஒரு பக்கம் கணீர்னு ஒரு பக்கம் கும்முன்னு இருக்கும், ஒரே ஒரு மைக் குடுத்தாங்க அதுவும் ஆன் ஆகல. என் மருமவன் வாசிச்சுக்கிட்டே குனிஞ்சு விரலால மைக்க தட்டி தட்டி பார்க்கறான், மிக்ஸர் கிட்ட இருந்த ஆளு ஃபோன பார்த்துட்டு இருக்கான். என் அக்கா என் கைய புடிச்சுகிட்டு ஏன்டா கேக்கல, ஏன்டா கேக்கலன்னு கேட்டுகிட்டே இருக்கு. ரெண்டாவது பாட்டு பாதில 10 மணி ஆயிடுச்சு, போலீஸ் வந்து சொன்னதும் பவர ஆஃப் பண்ணிட்டாங்க.

போலீஸ நான் தப்பு சொல்ல மாட்டேன். 2000லயே வந்த சட்டம், ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் வெளிய ஸ்பீக்கர் போடக் கூடாது, அக்கம்பக்கத்துல வயசானவங்க, கைக்கொழந்தைங்க இருப்பாங்க. கலாச்சார விழான்னா வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல போகாம 12 மணி வரைக்கும் தளர்த்த அரசாங்கத்துக்கு எடம் இருக்கு, அந்த பர்மிஷன் வாங்கலன்னா 10 மணிக்கு முடிஞ்சிடும்னு விழா நடத்தறவங்களுக்கு முன்னாடியே தெரியும் தான? தெரிஞ்சும் எங்க பசங்கள கடைசில வச்சாங்க. எனக்கு ஆத்தாமை அது தான். தண்ணி பாட்டில் 50 ரூபா வித்ததையும், பொம்பளைங்களுக்கு இருந்த ரெண்டே டாய்லெட்டுல 8 மணிக்கே தண்ணி தீந்ததையும் கூட பொறுத்துக்கலாம்.

நடுவுல தொகுத்து வழங்கின தம்பி, வடசென்னைக்கும் மியூசிக் வந்துடுச்சுன்னு மைக்ல சொன்னாரு. திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல தியாகராஜர் அஞ்சு கீர்த்தனை பாடியிருக்காரு, அவரோட சிஷ்யர் வீணை குப்பையர் அங்கயே இருந்தவரு. இந்தப் பக்கம் யார் வீட்டுல சாவு விழுந்தாலும் மைக்கே இல்லாம சட்டியும் டோலக்கும் வச்சுகிட்டு விடிய விடிய பாடி அந்த குடும்பத்த தாங்கி புடிச்ச ஆளுங்க இருக்காங்க. அவங்க பேரப்பசங்க தான் அன்னிக்கு ஜெனரேட்டர் பொகைல நின்னவங்க. அந்த தம்பி வேணும்னு சொல்லல, ஆனா அவருக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும்.

அடுத்த வருஷமும் இங்கயே பண்ணுவோம்னு மேடைல அறிவிச்சாங்க. இத நீங்க பேப்பர்ல போட்டா அவங்க கண்ணுல படும். மேடைய கெழக்கால போடுங்க, கானாப் பசங்கள 7 மணிக்கு மொத ஐட்டமா ஏத்துங்க, அவங்களுக்கும் அரை மணி நேரம் சவுண்ட் செக் குடுங்க. மைக் கட்ட நான் வர்றேன், காசு வேணாம், டோலக்குக்கு வேண்டிய ரெண்டு மைக்கும் என் கிட்டயே இருக்கு.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரர்,
தண்டையார்பேட்டை