மீனாவுக்கு: அந்த 'அல்லது' பற்றி

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மீனா,

உன் வாட்ஸ்அப் வந்து நாலு நாளாகிறது. அண்ணியின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படத்தையும் போட்டோ எடுத்து அனுப்பி, கீழே "இதில் எதுடி?" என்று ஒரே வரி கேட்டிருந்தாய். கட்டைவிரலால் தட்டித் தட்டிப் பதில் சொல்கிற கேள்வியா அது? அதனால்தான் காகிதம் எடுத்தேன். கையெழுத்துக்கு இப்போதே மன்னிப்பு. பள்ளிக்கூடத்தில் என் ரெக்கார்டு நோட்டு அட்டையிலேயே நீதானே பெயர் எழுதிக் கொடுப்பாய்.

அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது மட்டத்தில், தண்டுவடத்தைப் பொதிந்திருக்கும் டியூரா உறைக்கு உள்ளே, தண்டுவடத்துக்கு வெளியே ஒரு கட்டி. 'மெனிஞ்சியோமா அல்லது ஷ்வானோமா' என்று முடித்திருக்கிறார்கள். இரண்டுமே சாதாரணக் கட்டிதானாமே, கேன்சர் இல்லையாமே, அப்புறம் எதற்கு இவ்வளவு அவசரம் என்று உன் அண்ணன் கேட்டாராம். முப்பது வருஷம் பத்தாலஜி லேபில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சாதாரணக் கட்டி என்றால் மெல்ல வளரும், வேறு உறுப்புக்குத் தாவாது. அவ்வளவுதான். எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த வார்த்தை சொல்லாது. வயிற்றுக்குள் எலுமிச்சை அளவுக் கட்டி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். நெஞ்சு மட்டத்தில் முதுகெலும்புக் குழாய்க்குள் கட்டைவிரல்கூட நுழையாது; அதற்குள் தண்டுவடம் வேறு இருக்கிறது. அங்கே ஒரு நாவல் கொட்டை அளவு போதும், தண்டுவடம் நாடா மாதிரி நசுங்கிவிடும்.

அண்ணி ஒற்றைச் செருப்போடு தெருமுனைக் கடைவரை போய்விட்டு வந்தார், மற்றது வாசலிலேயே கழன்று கிடந்தது என்று பொங்கலுக்குப் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னாயே, எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றால் பாதத்திலிருந்து செய்தி மேலே போகவில்லை என்று அர்த்தம். இப்போது கால் விறைப்பு, இருட்டில் தள்ளாட்டம் என்கிறாய். சிறுநீர் கழிப்பதில் ஏதாவது சிரமம் உண்டா என்று கேள். கூச்சப்பட்டு மறைப்பார், நீதான் தனியாகக் கேட்க வேண்டும். இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, எது? மூளையும் தண்டுவடமும் மூன்று உறைகளுக்குள் பொதிந்திருக்கின்றன. அதில் நடு உறையின் செல்களிலிருந்து வருவது மெனிஞ்சியோமா. அது வெளி உறையான டியூராவின் உள்பக்கம் அகலமாக அடி பதித்து உட்காரும், சுவரில் ஒட்டிய வரட்டி மாதிரி. ஷ்வானோமா நரம்பைச் சுற்றியிருக்கும் செல்லிலிருந்து வருகிறது. கரண்டு கம்பியின் பிளாஸ்டிக் உறையில் ஓரிடத்தில் வீங்கினால் எப்படியோ அப்படி. முதுகில் அது பெரும்பாலும் உணர்ச்சி நரம்பின் வேரில் தொடங்கும். அதனால்தான் ஷ்வானோமாக்காரர்களில் நிறையப் பேர் முதலில் சொல்வது வலி: நெஞ்சைச் சுற்றிப் பட்டை போட்ட மாதிரி, படுத்தால் கூடுகிற வலி. அண்ணிக்கு வலியே இல்லை என்கிறாய்.

படத்திலும் பார்த்தேன். நரம்பு வெளியே போகிற எலும்பு ஓட்டை அகலவில்லை. ஷ்வானோமா அந்த ஓட்டை வழியாகப் பாதி உள்ளே பாதி வெளியே வளர்ந்து, ஜிம்மில் தூக்குகிற டம்பெல் மாதிரி நிற்பதுண்டு. உள்ளே நீர்க்குமிழிகளும் இருக்கலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் கட்டியின் ஓரத்திலிருந்து டியூராவோடு ஒரு மெல்லிய வால் போகிறது. அண்ணிக்கு வயது 58, பெண், நெஞ்சு மட்டம். மெனிஞ்சியோமா பெண்களுக்குத்தான் அதிகம், முதுகில் வருவதில் இன்னும் அதிகம்; முதுகுக்குள்ளும் அதற்குப் பிடித்த இடம் நெஞ்சுப் பகுதி. என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் மெனிஞ்சியோமா மேல்தான் கட்டுவேன். ஆனால் அந்த 'அல்லது' போட்ட ரேடியாலஜிஸ்டைக் குறை சொல்லாதே. அதுதான் நேர்மையான ரிப்போர்ட். நிழலைப் பார்த்து எழுதுகிறவர் அவர்.

எதுவாயிருந்தாலும் எடுக்கத்தானே போகிறார்கள், பெயரில் என்ன இருக்கிறது என்று அடுத்து கேட்பாய். எடுக்கிற விதம் மாறும். ஷ்வானோமாவுக்கு மேலே மெல்லிய ஓடு உண்டு, வேர்க்கடலைத் தோல் மாதிரி. அதைத் திறந்து உள்ளிருப்பதைக் குடைந்தெடுத்து, அந்தத் தோலையும் உரித்து, அது முளைத்த ஒற்றை நரம்பிழையை வெட்டிவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. அந்த இழை ஏற்கெனவே பாதி செத்ததுதான். நெஞ்சில் ஒரு கீற்று மரத்துப்போகலாம், அவ்வளவே. மெனிஞ்சியோமாவில் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, அடி பதித்த டியூராவையும் கவனிக்க வேண்டும். டொனால்ட் சிம்ப்சன் 1957இலேயே இதை ஐந்து படியாகப் பிரித்து எழுதினார்: டியூராவோடு சேர்த்து எடுத்தால் முதல் படி, அந்த இடத்தைச் சுட்டுவிட்டால் இரண்டாம் படி, இப்படி. முதுகில் டியூராவை வெட்டினால் தண்டுவட நீர் கசியும் என்பதால் பலரும் சுட்டுவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று. 1922இல் மெனிஞ்சியோமா என்று பெயர் வைத்தவர் ஹார்வி குஷிங். அவர் 1910இல் லெனார்ட் வுட் என்ற அமெரிக்க ராணுவத் தளபதியின் மூளையிலிருந்து அப்படி ஒன்றை எடுத்தார். வுட் எழுந்து நடமாடி, அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளராகக்கூட முயன்று பார்த்தார். கட்டி திரும்பி வளர்ந்தது. 1927இல் குஷிங்கே மறுபடி ஆபரேஷன் செய்தார், வுட் பிழைக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை, அதுவும் மூளை. முதுகில் திரும்பி வருவது குறைவு. அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டாதே.

காட்டத் தகுந்த கதையும் இருக்கிறது. 1887இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி என்ற சர்ஜன், தண்டுவடத்தை அழுத்திய கட்டியை முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்தார். அப்போது எக்ஸ்ரேகூடக் கிடையாது. வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பு மருத்துவர் நோயாளியின் மரத்துப்போன இடங்களைத் தடவிப் பார்த்தே இன்ன மட்டம் என்று சொன்னார். திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை! இன்னும் மேலே போய்ப் பார்த்தார்கள், அங்கே இருந்தது. கால் அசைக்க முடியாமல் படுத்திருந்தவர் பிறகு நடந்தார். எத்தனையாவது எலும்பு என்று எண்ணுவதில் இன்றைக்கும் நெஞ்சுப் பகுதிதான் தொல்லை பிடித்த இடம். ஆபரேஷன் மேஜையிலேயே எக்ஸ்ரே வைத்து எண்ணிவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். அண்ணனுக்கு இதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும்.

இனி என் பங்கு. ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியில் கடுகளவு எடுத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் வைத்து லேபுக்கு ஓடி வருவான் வார்டு பையன். அதை இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்து நசுக்கி இழுக்க வேண்டும், ஸ்குவாஷ் என்போம். அந்த இழுப்பிலேயே கைக்குப் பாதி தெரிந்துவிடும். மெனிஞ்சியோமா வெண்ணெய் மாதிரிப் பரவும். சாயம் ஏற்றினால் செல்கள் சுழி சுழியாக, குழந்தையின் உச்சந்தலைச் சுழி மாதிரி நிற்கும். சிலதில் உருண்டை உருண்டையாகச் சுண்ணாம்பு மணல் இருக்கும். கத்தியை வைத்தால் அரிசியில் கல் கடிபட்ட மாதிரி நறநறக்கும். முதுகில் வருகிறதில் இந்த மணல் ரகம் நிறைய. ஷ்வானோமா பரவவே பரவாது, ஒரே கொத்தாக இழுத்துக்கொண்டு வரும்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு தடவை சறுக்கினேன். பல வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். முதுகுக் கட்டி, நசுக்கினேன், பரவவில்லை, கதிர் மாதிரி நீள நீளச் செல்கள். தியேட்டருக்குப் போன் போட்டு "ஷ்வானோமா" என்றேன். சர்ஜன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேடம், இது டியூராவில் அப்பிக்கொண்டு இருக்கிறது, நரம்பைத் தனியாகப் பார்க்கிறேன்" என்றார். நான் சொன்னதை நம்பாமல் அடியைச் சுட்டுவிட்டுத்தான் மூடினார். நாலு நாள் கழித்து மெழுகுக் கட்டையில் பதித்து வெட்டிப் பார்த்தால், நார் ரக மெனிஞ்சியோமா. நார் அதிகமானால் அதுவும் பரவாது, செல்களும் நீண்டுவிடும். ஷ்வானோமா வேஷம் அப்படியே பொருந்தும். ஷ்வானோமாவுக்கென்று போடுகிற எஸ்-100 சாயம்கூட இந்த ரகத்தில் சில சமயம் பிடிக்கும். இப்போது சாக்ஸ்-10 என்ற சாயம் இருக்கிறது, அது ஷ்வானோமாவில் பிடிக்கும், இதில் பிடிக்காது, தப்பிக்கலாம். அன்று இரவு சர்ஜனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், உங்களுக்குக் கடுகுதான் கொடுத்தேன், எனக்கு முழுசும் தெரிஞ்சுது" என்றார். பெரிய மனுஷர்.

ஆகவே ஆபரேஷன் அன்று மாலையே யாராவது வாய்வார்த்தையாகப் பெயர் சொன்னால், அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் போன் போடாதே. முழு ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதில் 'கிரேடு 1' என்று இருக்கிறதா பார். செல் பிரிவதை எண்ணி, இன்னும் சில அடையாளங்களையும் பார்த்துத்தான் அந்த நம்பரைப் போடுகிறோம்; ஒன்று என்றால் இருப்பதிலேயே சாது. முதுகு மெனிஞ்சியோமாவில் பெரும்பாலும் ஒன்றுதான் வரும். ஷ்வானோமா என்று வந்தாலும் கவலைப்படாதே. சின்ன வயதில், ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் 22ஆம் குரோமோசோமில் கோளாறா, குடும்பத்தில் வருவதா என்று யோசிப்போம்.

எங்கே செய்வது என்று கேட்டிருந்தாய். நம் அப்பாக்கள் காலத்தில் இதற்கு வேலூருக்கோ மெட்ராஸுக்கோதான் ரயிலேற வேண்டும். 1949இல் ஜேக்கப் சாண்டி வேலூரிலும், அடுத்த வருஷம் ராமமூர்த்தி மெட்ராஸ் ஜி.எச்.சிலும் மூளை, தண்டுவட ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார்கள். இப்போது மதுரையிலேயே ஆள் இருக்கிறார்கள், காரைக்குடியிலிருந்து உங்களுக்கும் அதுதான் பக்கம். தேடிக்கொண்டு மாதத்தை ஓட்ட வேண்டாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. கொல்லை மாமரம் இந்த வருஷம் பூத்ததோடு சரி.

இன்னொன்று. மார்கழியில் கோலம் போட உட்கார்ந்து எழும்போது வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன் அல்லவா? தலையில் அடி என்று ஸ்கேன் எடுத்தார்கள். அடி ஒன்றுமில்லை. ஆனால் இடது பக்கம், மண்டையோட்டுக்குக் கீழே டியூராவை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து, வாலோடு. 'மெனிஞ்சியோமாவாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள், வருஷத்துக்கு ஒரு ஸ்கேன்தான். எடுக்காவிட்டால் ஸ்லைடு ஏது? அந்த 'இருக்கலாம்' என்கிற வார்த்தையோடுதான் தினமும் காபி குடிக்கிறேன். பழகிவிட்டது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஸ்கேன் சி.டி.யைக் கூரியரில் அனுப்பு, போட்டோவில் ஓரம் தெளிவாகத் தெரியவில்லை. ஆபரேஷன் தேதி தெரிந்ததும் சொல், மதுரைக்கு வந்துவிடுகிறேன். கையில் ஆச்சி கைப்பக்குவத்தில் அந்த மணத்தக்காளி வற்றல் கொண்டுவா.

உன்
கமலா