கயலுக்கு: அந்தப் பென்ஷன் பணத்தை எடுக்காதே

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம் போலத்தான். நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல் "பார்க்கலாம்" என்று இழுத்தேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான். போனில் சொன்னால் பாதியிலேயே "டூட்டிக்கு நேரமாச்சுப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான், நிதானமாகப் படி.

ஜப்பானில் ஐந்து வருட விசா முடிந்து ஊருக்கு வரும்போது, சம்பளத்தில் பிடித்த பென்ஷன் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்து நம் வீட்டுக்கு மாடி எடுக்கலாமா என்று கேட்டாய். அதற்கு ஒரு காரணமும் சொன்னாய்: "இங்கே எங்கே பார்த்தாலும் வயசானவங்கதான். எனக்கு 65 ஆகும்போது கட்டுறதுக்கு ஆள் யார் இருப்பா? கிடைக்கிறப்பவே வாங்கிடறது நல்லது."

நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஜப்பானில் 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 1965இல் ஒரு முதியவருக்கு உழைக்கும் வயதில் ஒன்பது பேர் இருந்தார்கள். இப்போது இரண்டே பேர். 2024இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் கீழே. நீ முதியோர் இல்லத்தில் காலையில் குளிப்பாட்டிவிடும் பாட்டிக்கு வரும் பென்ஷன், அந்தப் பாட்டி ஒரு காலத்தில் கட்டிய பணம் அல்ல. பெரும்பகுதி இந்த மாதம் உன் சம்பளச் சீட்டில் பிடித்த 9.15 சதவீதமும், உன் முதலாளி சேர்த்துக் கட்டிய இன்னொரு 9.15 சதவீதமும்தான். கட்டுகிறவர்கள் குறைந்து வாங்குகிறவர்கள் பெருகினால் என்ன ஆகும் என்று ஏழாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான்.

ஆனால் நீ நினைக்கிறபடி அது ஒரு நாள் படாரென்று உடையாது. இளைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 2004இல் அவர்கள் ஒரு சீர்திருத்தம் செய்தார்கள். இளையவர்களிடம் வாங்கும் பங்கை வருடா வருடம் கொஞ்சம் ஏற்றி, 2017இல் (உன் பங்கும் முதலாளி பங்கும் சேர்த்து) 18.3 சதவீதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் ஏற்றுவதில்லை. வருகிற பணத்துக்குள் செலவு அடங்க வேண்டும் என்பதற்காக, விலைவாசியும் சம்பளமும் ஏறும் அளவுக்குப் பென்ஷனை ஏற்றாமல் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். வாங்கும் வயதையும் 60இலிருந்து 65க்குப் படிப்படியாகத் தள்ளி வருகிறார்கள். போதாததற்கு, முன்பே சேர்த்து வைத்த பணம் ஒரு நிதியில் கிடக்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய பென்ஷன் நிதிகளில் அதுவும் ஒன்று.

இதன் வலி யாருக்கு என்பது உனக்கே தெரியும். விவசாயம், சின்னக் கடை என்று இருந்தவர்களுக்கு அடிப்படைப் பென்ஷன் மட்டும்தான். 40 வருடம் விடாமல் கட்டியிருந்தாலும் 2025இல் மாதம் 69,308 யென், நம் காசுக்கு சுமார் 40,000 ரூபாய். அங்குள்ள விலைவாசியில் அது எந்த மூலைக்கு? 65 தாண்டியவர்களில் நான்கில் ஒருவர் இன்னும் வேலைக்குப் போகிறார் என்றால் எல்லோரும் ஆசைப்பட்டா போகிறார்கள்? சூப்பர் மார்க்கெட்டில் உனக்குப் பில் போடும் தாத்தாவைப் பற்றி ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கதை வேறு. 1979இல் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பென்ஷனுக்கென்று என் சம்பளத்தில் ஒரு பைசா பிடித்ததில்லை. பிடித்தது சேமநல நிதிக்கு. அதை ஓய்வு பெற்றதும் திருப்பித் தந்துவிட்டார்கள். கடைசிச் சம்பளத்தில் பாதியும் அதன் மேல் அகவிலைப்படியும் மாதா மாதம் வருகிறது. இதற்கென்று எங்கேயும் தனி நிதி இல்லை. அந்தந்த வருடம் வசூலாகும் வரியிலிருந்துதான் கருவூலம் கொடுக்கிறது. நான் போன பிறகு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வரும். எனக்கு 80 ஆனால் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். (அதுவரை இருந்து வாங்கியே தீருவது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.)

எனக்குப் பின்னால் வந்த வாத்தியார்களுக்கு இது கிடைக்கவில்லை. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டார்கள். 10 சதவீதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், அரசு அதே அளவு போடும், கடைசியில் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் உறுதி கிடையாது. அந்த வருடம் ஜூலையில் அரசு ஊழியர்களும் வாத்தியார்களும் செய்த வேலைநிறுத்தம் உனக்கு நினைவிருக்காது. எஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் சட்டத்தில் ஒரே வீச்சில் 1,70,000 பேர் அளவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்ப முடிந்தது. பழைய பென்ஷன் வேண்டும் என்று அதற்கப்புறமும் எத்தனையோ போராட்டம். 2026 ஜனவரியில்தான் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் என்று அறிவித்தார்கள்: ஊழியர் தன் பங்கு 10 சதவீதத்தைக் கட்ட வேண்டும், கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும்.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 35 வருடம் உழைத்தவனைப் பங்குச் சந்தையை நம்பி இரு என்று சொல்லக் கூடாதுதான். வரிப்பணத்தில் வாக்குறுதிகளை அடுக்கிக்கொண்டே போனால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன மிஞ்சும் என்ற கேள்வியும் சரிதான். 58ஆக இருந்த ஓய்வு வயதை 2020இல் 59, 2021இல் 60 என்று ஏற்றினார்களே, ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தப் பணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட அது நல்ல வழியாகவும் இருந்தது. வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள் இரண்டு வருடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த விவாதத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா வருவதே இல்லை என்பதுதான். அவர்களுக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷன். அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 80 வயது ஆனால்தான் 500. அந்த 200 பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஏறவே இல்லை. பணம் கொடுக்க வரும் பெண் திண்ணையில் கைரேகை மிஷினை வைத்துக்கொண்டு உட்காருவாள். நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்த கை, மிஷினில் பிடிக்காது. பெருவிரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஒற்றி வைப்பார்கள். பிடிக்காது. சேலையில் துடைத்து மோதிர விரல். அதுவும் பிடிக்காது. போன மாதம் "நாளைக்கு வாங்க பாட்டி" என்று எழுந்துவிட்டாள். பெரியம்மா என்னைப் பார்த்து, "வாத்தியாரே, வெரலு செத்துப்போச்சு, நான் இன்னும் சாகல" என்றார்கள். மறுநாள் எப்படியோ பிடித்தது. அவர்கள் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறார்கள், அந்த வரியிலிருந்து எனக்குப் பென்ஷன் வருகிறது.

தமிழ்நாட்டில் 2021 கணக்குப்படி 60 வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம். 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிறப்போ ஒரு பெண்ணுக்கு ஒன்றரைக் குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டது. பதினாறு பெற்றுக்கொள்ளுங்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். பெற்றால் வளர்ப்பது யார்? ஜப்பான் பணக்கார நாடாகிவிட்டு அப்புறம் கிழடாயிற்று. நமக்கு அந்த வரிசை அமையவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் எந்தப் பென்ஷன் பட்டியலிலும் இல்லாமல்தான் வயதாகிறார்கள். அதனால்தான் எந்த ஊர்ப் பட்டியலிலாவது உன் பெயர் இருந்தால் அதை நீயே அழிக்காதே என்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். உன் சம்பளம் சராசரி 2,00,000 யென் என்று வைத்துக்கொள். ஐந்து வருடத்துக்கு மொத்தமாக வாங்கினால் ஏறக்குறைய 11,00,000 யென், நம் காசில் 6 லட்சம் சொச்சம். அதில் 20.42 சதவீதம் வரி பிடித்துவிட்டு 5 லட்சம்தான் கைக்கு வரும். பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு அங்கே ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு வர வேண்டும். இன்னொன்றைக் கவனி. அவர்கள் திருப்பித் தருவது உன் பங்கு அளவுக்குத்தான். முதலாளி உனக்காகக் கட்டிய பாதி அங்கேயே நின்றுவிடும். வாங்கிய அன்றோடு நீ கட்டிய வருடங்களும் பதிவில் இல்லாமல் போய்விடும்.

வாங்காமல் விட்டால்? அங்கே பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருடம் வேண்டும். உனக்கு ஐந்துதான். ஆனால் 2016 அக்டோபரிலிருந்து இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. சென்னை ஆஸ்பத்திரியில் நீ பி.எஃப். கட்டிய ஐந்தரை வருடத்தைத் தகுதிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பத்து தாண்டிவிட்டது. இன்றைய விகிதத்தில் 65 வயதிலிருந்து மாதம் சுமார் 14,000 யென், அதாவது 8,000 ரூபாய், சாகும் வரை.

"33 வருஷம் கழிச்சு 8,000 ரூபாயா" என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. 5 லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டு 33 வருடம் தொடாமல் வைத்தால் 40 லட்சம் ஆகும். அதன் வட்டி மாதம் 21,000 சொச்சம். ஆனால் விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் அந்த 21,000 இன்றைய மதிப்பில் 4,000 சொச்சம்தான். ஜப்பான் பென்ஷன் முழுசாக இல்லாவிட்டாலும் ஓரளவு விலைவாசியோடு ஏறும். யென் மதிப்பு எப்படிப் போகும் என்று நானோ நீயோ சொல்ல முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நம் வீட்டில் எந்த டெபாசிட் 33 வருடம் தொடாமல் இருந்திருக்கிறது, சொல். உன் அத்தை கல்யாணம், தம்பி காலேஜ், தாத்தா கண் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக உடைத்ததுதான் வரலாறு. ஜப்பான் பதிவேட்டில் கிடப்பதை எந்த மாமனும் வந்து கடன் கேட்க முடியாது.

மாடி வேண்டாம். எங்கள் இரண்டு பேருக்கு இந்த வீடே பெரிசு. ஓடு மாற்றும் செலவை என் பென்ஷன் பார்த்துக்கொள்ளும்.

முதியோர் பராமரிப்புக்கான அரசுத் தேர்வை நீ எழுதித் தேறிவிட்டால் ஐந்து வருடக் கெடுவே இல்லை, விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம் என்று சொன்னாயே, அதை எழுதித்தான் பாரேன். திரும்பி வந்தாலும் சந்தோஷம்தான். மொத்தமாக வாங்குவதற்கு அங்கிருந்து கிளம்பிய பிறகும் இரண்டு வருடம் அவகாசம் இருப்பதால் இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. இதுவரை ஐந்து வருடத்துக்கு மட்டும் தருகிறார்கள். எட்டு வருடமாக ஏற்ற 2025இல் முடிவு செய்திருக்கிறார்கள் என்பதால் உன்னோடு இருக்கும் பிள்ளைகளுக்கு ஆசை இன்னும் கூடும். அவர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று நீயும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே.

ஒரு வேலை மட்டும் உடனே செய். 2007இல் ஜப்பானில் யாருடையது என்று தெரியாத பென்ஷன் பதிவுகள் 5 கோடி கிடப்பது வெளியே வந்தது. வேலை மாறியபோது வேறு எண், கல்யாணத்துக்குப் பிறகு வேறு குடும்பப் பெயர், கம்ப்யூட்டரில் ஏற்றியபோது பெயரைத் தப்பாகப் படித்தது என்று பல குளறுபடி. அதைக் கவனித்துவந்த அரசு அமைப்பையே கலைத்து, 2010இல் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். அவர்கள் பெயருக்கே அந்தக் கதி என்றால் நம் இனிஷியலுக்கு? உன் பி.எஃப். பதிவில் "கே. கயல்விழி". பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுசாக உன் குடும்பப் பெயராக நிற்கிறது. அங்கே அதை ஜப்பானியக் கட்டகானா எழுத்தில் எப்படி எழுதியிருக்கிறார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

உன் பென்ஷன் எண் உள்ள தாளையும், குடியிருப்பு அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. பி.எஃப். கணக்கில் பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்படி திருத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று தம்பியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஓ.டி.பி. உன் பழைய நம்பருக்குத்தான் போகுமாம். அந்த சிம் எங்கே வைத்தாய்? அம்மா பீரோவில் தேடிவிட்டாள், கிடைக்கவில்லை.

அன்புடன்,
அப்பா