முத்துப்பேட்டை மக்களுக்கு: நம் ஸ்டேஷன் ஜன்னலில் டிக்கெட் எடுங்கள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், கூடப் படித்தவர்களுக்கும், கடைத்தெரு வியாபாரிகளுக்கும், கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் ஊரில் இன்னும் சில எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்க வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு வந்த இரவு ஒரு கணக்கு மனசை அரித்தது. போன வருடம் முழுக்க நம் ஸ்டேஷன் ஜன்னலில் நான் எடுத்தது நான்கே டிக்கெட். சென்னைக்குப் போன ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி மன்னார்குடி போய் மன்னை எக்ஸ்பிரஸைப் பிடித்திருக்கிறேன். திருவாரூருக்கு டெமு (டீசலில் ஓடும் பாசஞ்சர் ரயில்) இருந்தும் பைக்கில் போயிருக்கிறேன். உங்களில் பலரும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

முதலில், இந்த ஸ்டேஷன் யாருடையது என்பதைப் பேசிவிடுகிறேன்.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ரயில் வந்தது 1861-ல், நாகப்பட்டினத்திலிருந்து. அடுத்த ஆண்டு அது திருச்சியைத் தொட்டது. அதைப் போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற இங்கிலாந்துக் கம்பெனி. அங்கே பங்கு வாங்கியவர்களுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு 5 வட்டி உறுதி. குறைகிற பணம் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து போகும். அந்தக் காலத்து ரயில்கள் பலவும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடின.

நம்முடைய பாதை அப்படி வந்ததல்ல. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல். இதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பு. அதற்கான பணம் நிலம் வைத்திருந்தவர்களிடம் வரியோடு சேர்த்து ரயில்வேக்கென்று வசூலித்த தீர்வை. நெல் விற்ற காசு அது. 1894-ல் ரயில் ஓடத் தொடங்கியது. ஓட்டிக்கொடுத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை ஜில்லா போர்டுடையது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு தன் மக்களிடம் வாங்கிய பணத்தில் ரயில் போட்டது இதுவே முதல் தடவை என்கிறார்கள். அந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன் நம் ஊர். 1902-ல் பட்டுக்கோட்டைக்கும் 1903-ல் அறந்தாங்கிக்கும் தண்டவாளம் நீளும் வரைக்கும் முத்துப்பேட்டைதான் எல்லை. ஆற்றுத் தண்ணீருக்கு எப்போதும் கடைமடையாகவே இருந்த ஊருக்கு, ரயில் மட்டும் நேராக வந்து நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.

என் சிறுவயதில் மீட்டர்கேஜ் வண்டி. சன்னல் கம்பியைப் பிடித்த கையில் கரித்தூள் ஒட்டும். கோரையாற்றுப் பக்கத்திலிருந்து மீன் கூடைக்காரம்மாக்கள் வருவார்கள். கூடையில் சொட்டும் தண்ணீரால் பெட்டியே ஈரமாகிவிடும், பாண்ட் போட்டவர்கள் காலைத் தூக்கி உட்கார்ந்துகொள்வார்கள். ஜாம்பவானோடை தர்கா கந்தூரி சமயத்தில் உட்கார இடம் கேட்டால் சிரிப்பார்கள். டிக்கெட் என்றால் கெட்டி அட்டை. தேதி குத்தும் இயந்திரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அதை நுழைத்துத் தட்டுகிற சத்தத்தைக் கேட்பதற்காகவே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போவேன். கம்பன் எக்ஸ்பிரஸ் சென்னை எழும்பூருக்கே போகும். வெளிநாடு போகிற சபுராளிகளை வழியனுப்ப ஒரு தெருவே பிளாட்பாரத்தில் நிற்கும்.

அகலப்பாதைப் பணிக்காக 2012-ல் ரயில் நின்றது. சீக்கிரம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஏழு வருடம் ஆயிற்று. அந்த ஏழு வருடத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலே ஏறாமல் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டார்கள். நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையையும் அலையாத்திக் காட்டையும் சாய்த்துப் போட்டது. 2019 ஜூன் 1-ஆம் தேதி திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே டெமு ஓடத் தொடங்கியபோது எத்தனை பேர் அழுதார்கள் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்போது கேட்களுக்கு ஆள் போடவில்லை. கேட் கீப்பர்களும் ரயிலிலேயே வருவார்கள். லெவல் கிராசிங் வந்ததும் வண்டி நிற்கும். முன்னாலிருப்பவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், பின்னாலிருப்பவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். காரைக்குடி போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அப்போது ரயிலை விட்டுப் பஸ்ஸுக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பத்து மாதம்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் ஊரடங்கு. நாடு முழுக்க ரயில் நின்றது. திரும்ப வந்தபோது சாதாரணப் பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம், பத்து ரூபாய் தூரத்துக்கு முப்பது ரூபாய். 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி பத்து ரூபாய் ஆனது. இப்படி அடிமேல் அடியாக நம் கால் ஸ்டேஷன் பக்கம் போகும் பழக்கமே விட்டுப்போயிற்று.

இப்போது நிலைமை அப்படியில்லை. கேட்களுக்கு ஆள் வந்தாயிற்று, வண்டி வேகம் கூடியிருக்கிறது. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை ரயில் நம் பாதை வழியாகத் தொடங்கியது. அதே நாளில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதையும் திறந்தது. உப்புக்குப் பேர்போன அந்தக் கோடிக்கு மறுபடி ரயில் போகிறது. 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலத்தோடு தொடங்கிய ராமேஸ்வரம்–தாம்பரம் ரயிலும் இந்தத் தண்டவாளத்தில்தான் வருகிறது.

இனி, ஒரு ரயில் ஓர் ஊரில் நிற்பதும் நிற்காததும் எப்படி முடிவாகிறது என்று சொல்கிறேன். புது ஸ்டாப்பிங் கொடுக்கும்போது பெரும்பாலும் சோதனை அடிப்படையில் ஆறு மாதம் என்றுதான் கொடுப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் அந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு டிக்கெட் விற்றது என்று பார்ப்பார்கள். மனுவில் இருக்கும் கையெழுத்தை அப்போது யாரும் எண்ண மாட்டார்கள். ஸ்டாப்பிங் மட்டுமல்ல, 2017-லிருந்து ஸ்டேஷன்களை வருவாயையும் பயணிகள் எண்ணிக்கையையும் வைத்தே வகை பிரிக்கிறார்கள். குடிநீர்க் குழாய் எத்தனை, பெஞ்ச் எத்தனை, பிளாட்பாரத்தில் நிழற்கூரை எத்தனை அடி என்ற குறைந்தபட்ச அளவெல்லாம் அந்த வகைப்படிதான். வெயிலில் நிற்கிறோம் என்று வருத்தப்படுகிறோமே, அந்தக் கூரைக்கான கணக்கும் ஜன்னலில்தான் தொடங்குகிறது.

ஆகவே கேட்கிறேன். நம் ஊரில் நிற்கிற ரயிலுக்குப் பட்டுக்கோட்டையிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ டிக்கெட் போடாதீர்கள். “அங்கே கோட்டா (அந்த ஊருக்கென்று ஒதுக்கிய இடம்) இருக்கும்” என்று சொல்லி அங்கிருந்து பதிவு செய்துவிட்டு இங்கே ஏறினால், நீங்கள் அந்த ஊர்ப் பயணியாகத்தான் கணக்கில் ஏறுவீர்கள். கைப்பேசிச் செயலியில் எடுப்பவர்கள் புறப்படும் இடத்தில் முத்துப்பேட்டை என்று போடுங்கள். திருவாரூருக்குத் தினம் போகிற பிள்ளைகள் சீசன் டிக்கெட் எடுங்கள். பஸ்ஸுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அதோடு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள்: டெமுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று டிக்கெட் இல்லாமல் ஏறுவதை நிறுத்துங்கள். மிச்சமாவது பத்து ரூபாய். ஆனால் அன்றைக்கு முத்துப்பேட்டையில் ஒருவர் ஏறவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

கந்தூரிக்கு வெளியூரிலிருந்து சொந்தக்காரர்களை அழைக்கும்போது ரயில் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலையாத்திக் காட்டுக்குப் படகு விடும் தம்பிகளும் கேட்கிறவர்களிடம் அதையே சொல்லுங்கள். சென்னையிலிருந்து வருகிறவருக்கு இங்கே ஸ்டேஷன் இருப்பதே தெரியவில்லை.

இன்னொரு வேண்டுகோள் பழைய குடும்பங்களுக்கு. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், ஜில்லா போர்டு காலத்துக் கிஸ்து (நிலவரி) ரசீதுகள் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். ரயில்வே தீர்வை என்று தனியாக எழுதிய ஒரு ரசீது கிடைத்தாலும் போதும். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டேஷனில் மாட்ட அனுமதி கேட்டு எழுதப் போகிறேன். பழைய அட்டை டிக்கெட், கம்பன் எக்ஸ்பிரஸ் முன்னால் நின்று எடுத்த போட்டோ எதுவானாலும் கொண்டுவாருங்கள். சாயங்காலங்களில் பிளாட்பாரத்து பெஞ்சில் இருப்பேன்.